ஜீரோ சொல்லாத மாடி வீட்டுக்காரர்

கும்மிடிப்பூண்டி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், பெற்றவள் வயிற்றில் புளியைக் கரைப்பதற்கு எங்கள் மாடி வீட்டு 'நூத்துல மூணு' போல இன்னொருவர் கிடைக்க மாட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆக்சுவரி. யாருக்கு என்ன ஆபத்து எந்த அளவுக்கு வரும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப பிரீமியத்தை முடிவு செய்கிற உத்தியோகம். ஷேர் ஆட்டோவில்கூட ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் உட்காருவார்.

ஆறு மாதக் கைக்குழந்தையோடு நாங்கள் குடிவந்து பால் காய்ச்சிய அன்று, பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"உன் ஊட்டுக்குள்ள வெள்ளம் வர்றதுக்கு சான்சு, நூத்துல மூணும்மா."

"நல்ல நாளும் அதுவுமா, ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்?"

"அப்டின்னா ஜீரோன்னு அர்த்தம். என் வாயில ஜீரோ வராதும்மா."

அடுத்த மழைக்காலத்தில் மூணு, ஏழாகிவிட்டது. கேட்டால், "பழைய மழைய வச்சிக்கினு போட்ட கணக்கு அது. இப்ப மழையே மாறிப்போச்சே! வாஷிங் மிஷின செங்கல் மேல ஏத்து" என்றார். ஆத்திரத்தில் கதவை அறைந்து சாத்தினேன். பிறகு செங்கல் தேடிப் போனேன்.

பக்கத்துக் கெமிக்கல் தொழிற்சாலையில் செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ஒரு நிமிடம் டிரையல் சைரன் ஊதும். தெருவே அதைக் கேட்டுத்தான் உலை வைக்கும். இவர் மட்டும் கொதிப்பார்.

"செவ்வாக்கெழம பத்து மணிக்கு நெஜமாவே லீக் ஆச்சுன்னா, எவன் ஊட்ட உட்டு வெளிய வருவான்?"

இதையே தொழிற்சாலை வாசலிலும் போய்க் கேட்டார். பாதுகாப்பு அதிகாரி சொன்ன பதில்: "ஒண்ணும் ஆகாது சார்."

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் அவர் ஆபீஸ் போகாமல் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். காற்றின் திசை தெரிய, மொட்டை மாடிக் கம்பத்தில் ஒரு கிழிந்த லுங்கியைக் கட்டினார்.

"இன்னா சார், புதுக் கட்சியா? சின்னம் இன்னா?" என்றார் எதிர்வீட்டு மீன்காரம்மா.

"ஓட்டு வேணாம்மா. அண்ணாந்து பாத்தா போதும்."

பாப்பாவுக்கு நான்கு வயதானபோது, ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சைரன் ஊதியது. அரிசி களைந்தேன். ஒரு நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை. சுவிட்ச் மாட்டிக்கொண்டதோ? குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் தெரு சிரிக்குமோ? யோசித்துக்கொண்டே களைந்த அரிசியை மறுபடியும் களைந்தேன். பாப்பா இருமினாள்.

ஹெல்மெட்டோடு மாடியிலிருந்து இறங்கியவர் கதவு கதவாகத் தட்டினார்.

"லீக்கு! மூஞ்சில ஈரத்துணி கட்டு! காத்து மேக்கால போவுது, வடக்கால ஓடு!"

பாப்பாவை அவரே தூக்கிக்கொண்டார். எளாவூர் பக்கம் போன ஷேர் ஆட்டோவில் ஏறினோம். இருமல் நிற்கவில்லை. பாப்பாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

"சார், ஒண்ணும் ஆவாதில்ல?"

கணக்குப் போடும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். அன்று மூடவில்லை.

"ஒண்ணும் ஆவாதும்மா."

சாயங்காலத்துக்குள் டாக்டர் புண்ணியத்தில் பாப்பா தேறிவிட்டாள். தொழிற்சாலைக்காரர்கள் தெருவுக்கு வந்து, "லேசான கசிவுதான், ஒண்ணும் ஆகலையே" என்றார்கள். அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை வர மூன்றரை வருடம் ஆனது. இவர்கள் அதை வாசலில் நின்று நோட்டீஸ் மாதிரி விநியோகிக்கிறார்கள்!

மறுநாள் காலை கதவைத் தட்டினார்.

"நேத்து ஆட்டோல ஒண்ணு சொன்னேன்மா. கணக்குப்படி அது தப்பு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. சரியான நம்பரு இன்னான்னா..."

"சொன்னீங்கன்னா கரண்டிய எடுப்பேன் சார்."

அந்த நம்பர் எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் திருநின்றவூரில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மொட்டை மாடியில் லுங்கி நைந்துவிட்டது. போன வாரம் புதிதாகவே ஒன்று வாங்கிக் கட்டினேன்.