பிரேக்கில் கால் வைத்தபடி மருமகனுக்கு எழுதியது

அன்பு மருமகன் ஜெயரூபனுக்கு,

மாமாங்கேஸ்வரர் அருளால் இங்கு எல்லோரும் சுகம், உங்கள் கார் மட்டும் சுகமில்லை. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் உங்கள் மாமி பக்கத்தில் நின்று சொல்லுக்குச் சொல் திருத்துவார். நாளை கட்டாருக்கு வரும் கனகசிங்கத்தின் மகனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். காலையிலிருந்து வாவிக்கரையில், றமீஸின் கராஜில்தான் இருக்கிறேன். உங்கள் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தபடி எழுதுகிறேன், கையெழுத்து சாய்ந்தால் மன்னிக்கவும்.

தனுஷாவுக்கு இது பேறுகால மாதம். வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோவேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தேன். மாமியோ வாடகை வான் பிடிக்கச் சொல்கிறார். என் மகளையும் முதல் பேரப்பிள்ளையையும் யாரோ ஒருவன் கொண்டுபோவதா? இந்த நேரம் பார்த்து டாஷ்போர்டில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கி, அணைவேனா என்கிறது.

றமீஸ் ஸ்கேனரைச் செருகினார். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று காருக்குச் சொல்கிற சென்சரின் இணைப்பில் பிழையாம். உடனே புதுச் சென்சர் போடச் சொன்னேன். "அவசரப்படாதீங்க ஐயா, வயரப் பாப்பம்" என்று பொனட்டுக்குள் தலையை விட்டவர், சென்சரின் செருகியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பச்சைக் களிம்பு.

"உப்புத் தண்ணி பட்டிரிக்கி. ஆரு இதுக்குள்ள ஊத்தின?"

"வாவிக் காத்து, தம்பி."

"காத்துல மஞ்சளும் வருமா ஐயா?"

பிள்ளைத்தாய்ச்சி ஏறப்போகிற வாகனம் என்று, கண்ணூறு கழிக்க மஞ்சளும் உப்பும் கரைத்து ஊற்றியவர் உங்கள் மாமி. பொனட்டைத் தூக்கிப் பிடித்தது மட்டுமே நான்.

களிம்பைத் துடைத்து மாட்டிவிட்டு, ஸ்கேனரைப் பார்த்தபடி "நான் சொல்லுமட்டும் கால எடுக்காதீங்க" என்றார். அதனால்தான் மிதித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக்கு முன்னால் வாவி. ஒரு தோணி போகிறதா நிற்கிறதா தெரியவில்லை. கால் மரத்து, அது என் காலா காரின் காலா என்றும் தெரியவில்லை. கார் மெல்லத் தண்ணீரில் இறங்கி மிதக்கிறது, பின்சீட்டில் தனுஷா பிள்ளையோடு சிரிக்கிறாள், நான் ஹோர்ன் அடிக்காமல் வலை வீசுகிறவர்களுக்குக் கை காட்டிக்கொண்டு போகிறேன், போகிறேன், போய்க்கொண்டே

"ஐயா, நித்திரையா? கால் கழண்டுட்டு!"

திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் சிரிக்கிறார். ஸ்கேனரில் அதுவரை அசையாமல் கிடந்த பிரேக் அழுத்த இலக்கம் என் கால் தளரத் தளர ஒழுங்காக இறங்கியதாம். இணைப்புச் சரியாகிவிட்டது. என் நித்திரையால் வந்த நன்மை என்று மாமிக்கு நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் எடுபடாது.

ஆகவே வான் வேண்டாம். விளக்கு அணைந்துவிட்டது. எந்த நேரம் வலி வந்தாலும் நான் ஆயத்தம். நிம்மதியாக வேலையைப் பாருங்கள், ஒரு குறையுமில்லாமல் நீடு வாழுங்கள்.

உங்கள் மாமா,
கந்தப்போடி

பி.கு.: மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம். காலையில் நான் வெளிக்கிட்ட கையோடு தனுஷாவுக்கு வலி வந்து, பக்கத்து வீட்டுச் சதீஸின் ஓட்டோவில் போய்ப் பிள்ளையும் பெற்றுவிட்டாள். பெண். இது கட்டாரில் உங்களுக்கே தெரியுமாம், போனை வீட்டில் விட்டுவந்த எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. வீடு திரும்பி விஷயம் அறிந்து அதே காரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்; பிள்ளையை என் கையில் தந்தார்கள். அழுதுவிட்டேன், மருமகன். கண்ணீர் இன்னும் நிற்கவில்லை, ஓட்டினால் ரோடு தெரியாது. பிரேக் நன்றாகப் பிடிக்கிற கார் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. நான் வீட்டுக்கு ஓட்டோவில் போகிறேன்.