மிசோராவின் கடைசி மூச்சு

மிசோரா செத்து இரண்டு நொடிகூட ஆகவில்லை, எங்கிருந்தோ ஒரு வயிறு கத்தியது.

லேசான சத்தம் இல்லை. துருப்பிடித்த கதவை யாரோ மெல்லத் திறந்து, பாதியில் மனசு மாறி மூடிவிட்ட மாதிரி நீளமான சத்தம். யோயோகி வட்டாரத்தின் அந்த அடித்தள ஒலிப்பதிவுக் கூடத்தில், சட்டை உரசுவதைக்கூடப் பிடித்துவிடும் மைக்குகளுக்கு முன்னால், அது இடி மாதிரி கேட்டது.

ஒகிதா இயோரி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். திரையில், இன்னும் வண்ணம் தீட்டாத கார்ட்டூன் கோட்டுப் படமாக, மந்திரப் பெண் மிசோரா தன்னைக் கும்பிடாத குறையாகச் சுற்றிவந்த யுசுனாவின் மடியில் கண்மூடிக் கிடந்தாள். யுசுனாவுக்குக் குரல் கொடுப்பது இயோரி. மிசோராவுக்குக் குரல் கொடுப்பது, அவளுக்கு வலப்பக்கத்து மைக்கில் நின்ற குராமோச்சி ஷிசுனோ.

சத்தம் வந்ததும் வலப்பக்கத்திலிருந்துதான்.

இயோரிக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை. அவள் காலையிலேயே இரண்டு வாழைப்பழத்தை உள்ளே தள்ளிவிட்டுத்தான் வந்திருந்தாள். வயிறு காலியாக மைக் முன்னால் நிற்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் நுழைந்த அன்றே சொல்லித்தரும் பாடம். அந்தப் பாடத்தைப் பல வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லித்தந்தவரே ஷிசுனோதான். அவரால் ஒரு டேக் கெட்டுப்போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலி இயக்குநர் பன்னோ பேச்சுப் பொத்தானை அமுக்கினார். "அது யாரோட..."

"என்னோடதுதான்!" என்றாள் இயோரி. "என் வயிறு! மன்னிச்சிடுங்க!"

சொன்ன வேகத்திலேயே இடுப்பு வளைய ஆழமாகக் குனிந்தாள். குனிந்த தலை மைக்கில் போய் 'ணங்'கென்று மோதியது. கண்ணாடிக்கு அப்பால் பன்னோ காதிலிருந்த ஹெட்போனைப் பிய்த்து எறிந்தார்.

அவள் நிமிர்ந்தபோது பன்னோ அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"சரி. இன்னொரு தடவை."

ஒலிப்பதிவாளர் தொரிகோயே உள்ளே வந்து, வளைந்த மைக்கை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

இயோரி தப்புச் செய்துவிட்டதாக நினைக்கவே இல்லை. ஆறு வயதில், ஞாயிற்றுக்கிழமைக் காலைத் தொலைக்காட்சியில், ஒரு மந்திரப் பெண்ணுக்கு ஷிசுனோ கொடுத்த குரலைக் கேட்டு, அப்பாவின் குடையை மந்திரக்கோலாகச் சுழற்றி வரவேற்பறை விளக்கை உடைத்தவள் அவள். அந்தக் குரல் சொன்னதையெல்லாம் நம்பினாள். விழுந்தால் எழுந்திரு என்றது, எழுந்தாள். இந்தத் தொடரில் அதே குரலுக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைத்தபோது, வீட்டில் போய்ப் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு கூவினாள்.

ஆனால் பக்கத்தில் நின்ற இத்தனை வாரத்தில், வரும்போது "காலை வணக்கம்", வேலை முடிந்து கிளம்பும்போது "ரொம்பச் சிரமப்பட்டீங்க" என்ற இரண்டைத் தவிர அவரிடம் உருப்படியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

இன்று கடைசி நாள். இந்த மாதிரிக் கதைகளில் வழிகாட்டுகிறவள் பாதியிலேயே செத்தாக வேண்டும். அப்போதுதான் சின்னவள் தனியாக எழுந்து நிற்பாள். மிசோரா செத்துவிட்டால் அடுத்த வாரம் ஷிசுனோ வரப்போவதில்லை. வெளியே வரவேற்பு மேசையில் அவருக்கான விடைபெறும் பூங்கொத்து காலையிலிருந்தே தண்ணீரில் நின்றது. மற்றவர்கள் எல்லாரும் தங்கள் வசனத்தை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இந்த ஒரு காட்சிதான். அதை அவர் பக்கத்தில் நின்று, ஒழுங்காகச் செய்து, அவரை ஒரு குறையும் இல்லாமல் அனுப்பிவைக்க வேண்டும். இயோரிக்கு வேறெதுவும் வேண்டாம்.

"இயோரி, முதல்ல ஏதாவது சாப்பிட்டு வாம்மா" என்றார் பன்னோ ஒலிபெருக்கியில். "பத்து நிமிஷம் இடைவேளை."

ஷிசுனோ தன் பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தார். உள்ளே, கடல்பாசி சுற்றிய சோற்று உருண்டைகள் பளபளத்தன.

"இந்தா. வீட்ல பண்ணினது. நடுவுல உப்புல ஊறின பிளம் பழம் இருக்கு, பாத்துக் கடி."

"ஐயோ, இது உங்க சாப்பாடு! நீங்க சாப்பிடுங்க, குராமோச்சி சான். நீங்கதான் சாப்பிடணும்." பேரோடு சேர்த்த 'சான்' என்ற மரியாதைச் சொல் அவளுக்குக் குழறியது.

"சாகப் போறவளுக்கு எதுக்கும்மா சோறு? வயிறு கத்துறது உனக்குத்தானே?"

இயோரி திருதிருவென்று விழித்தாள். ஆமாம் என்றுதான் சொல்ல முடியும். சொன்னாள். சாப்பிட்டாள். ஷிசுனோ எதிரே உட்கார்ந்து, கடைசி உருண்டை உள்ளே போகிறவரை எழுந்திருக்கவில்லை.

மறுபடி மைக். மறுபடி திரை.

"யுசுனா..." ஷிசுனோவின் குரல் காற்றில் கரையும் மாதிரி வந்தது. "நீ என் பின்னாடி ஓடிவந்த பொண்ணு இல்ல. நான் திரும்பிப் பாக்கிறப்பல்லாம் அங்க இருந்த வெளிச்சம்."

மூச்சு நின்றது. அமைதி.

வலப்பக்கம் அந்தத் துருப்பிடித்த வயிற்றுக் கதவு திறந்தது. இந்தத் தடவை அகலமாகவே திறந்தது.

"மன்னிச்சிடுங்க!" இயோரி குனிந்தாள். இந்தத் தடவை மைக்கிலிருந்து ஒரு எட்டு தள்ளி நின்று குனிந்தாள்.

பன்னோ எங்கோ பார்த்தார். பெருமூச்சு விட்டார். "இன்னொரு தடவை."

சிக்கல் எங்கே என்று இயோரிக்கு விளங்கிவிட்டது. சாப்பாடு தப்பான வயிற்றுக்குள் போயிருக்கிறது. வெளியே ஓடி, யாரோ எல்லாருக்குமாக வாங்கி வைத்திருந்த கிரீம் பன் ஒன்றை எடுத்து வந்து, இரண்டு கையாலும் ஷிசுனோவிடம் நீட்டினாள்.

"குராமோச்சி சான், இது ரொம்ப நல்லா இருக்குதாம். ஒரு வாய்..."

"இன்னுமா பசிக்குது உனக்கு?"

"இல்ல, எனக்கில்ல. உங்களுக்குத்தான்."

"வெட்கப்படாதேம்மா. சின்ன வயசு, பசிக்கத்தான் செய்யும். உன் வயசுல நான் மேசையவே தின்னிருப்பேன். ம், சாப்பிடு."

இயோரி சாப்பிட்டாள். வேறென்ன செய்வது?

மிசோரா மறுபடி செத்தாள். வயிறு மறுபடி கத்தியது.

"இவ்வளவு தின்ன பின்னாலயுமா?" என்றார் பன்னோ. அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம். "தொரிகோயே, ஏதாவது பண்ணு."

தொரிகோயே ஒரு தடித்த மெத்தைத் திண்டோடு வந்தாள். இயோரியின் வயிற்றில் அதை வைத்து, தன் கம்பளிக் கழுத்துத் துணியால் முதுகைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். சோற்று உருண்டைகளும் பன்னும் உள்ளே இடம்மாறி உட்கார்ந்தன.

"மூச்சு விட முடியுதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்."

"கொஞ்சம் போதும்" என்றாள் தொரிகோயே. ஷிசுனோவை ஒரு பார்வை பார்த்தாள். ஷிசுனோ வசனத்தாளை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். தொரிகோயே போய்விட்டாள்.

இயோரி நிறைமாதக்காரி மாதிரி மைக் முன்னால் போய் நின்றாள்.

மிசோரா செத்தாள். கதவு திறந்தது. மெத்தைக்கு அதில் சம்பந்தமே இல்லை.

இப்போது இயோரி வேறு வழி யோசித்தாள். சாவுக்கும் யுசுனாவின் அழுகைக்கும் நடுவே இருந்த அமைதியில்தான் வயிறு நுழைகிறது. அமைதியே இல்லாமல் செய்துவிட்டால்? அடுத்த தடவை, மிசோராவின் கடைசிச் சொல் முடியுமுன்பே, "அக்கா! போகாதீங்க அக்கா!" என்று கூரை இடிய ஓலமிட்டாள்.

"என்னம்மா இது?" என்று பன்னோ எழுந்தே விட்டார். "அவங்க இன்னும் சாகவே இல்ல! அதுக்குள்ள நீ கருமாதி பண்றே?"

"மன்னிச்சிடுங்க!"

"அந்த அமைதிதான் இந்தக் காட்சியே. மூணு மூச்சு விடு, அப்புறம் அழு."

குனிய முயன்றாள், மெத்தை வளையவிடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வம்படியாகக் குனிந்தாள். அப்படி அமுக்கியதில் உள்ளே எதுவோ பிசகிவிட்டது. அடுத்த டேக்கில் மிசோரா, "இனிமே இந்த வானம் உன்னோடது" என்று உயிரை விட்டுக்கொண்டே சொன்னதும், யுசுனா பதிலுக்கு ஒரு விக்கல் விட்டாள்.

இந்தத் தடவை நிஜமாகவே அவளுடைய சத்தம்.

தண்ணீர் குடித்தாள். விக்கல் நின்றது, வயிற்றில் தண்ணீர் தளும்பும் சத்தம் சேர்ந்துகொண்டது. மிசோரா எத்தனையாவது தடவை செத்தாள் என்பதன் கணக்கு எல்லாருக்கும் விட்டுப்போயிற்று. ஆனால் ஷிசுனோ மட்டும் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு சாவையும் புதுச் சாவாகவே செத்தார். அதைக் கேட்கக் கேட்க இயோரிக்குக் குற்ற உணர்ச்சி பொங்கியது. இவ்வளவு பெரிய மனுஷியை, கடைசி நாளில், இப்படித் திரும்பத் திரும்பச் சாகடிக்கிறோமே!

பன்னோ கடிகாரத்தைப் பார்த்தார். கூடத்தை அடுத்த நேரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்த குழு வாசலில் வந்து நிற்பது கதவுக் கண்ணாடியில் தெரிந்தது.

"நேரம் இல்ல" என்றார். "குராமோச்சி சான் பகுதிய தனியாப் பிரிச்சு எடுத்துக்கலாம். இயோரி, நீ நாளைக்கு வந்து தனியாப் பேசிட்டுப் போ. ஒட்டிக்கலாம்."

இயோரி கண்ணாடியை நோக்கி ஒரு எட்டு வைத்தாள். நாளைக்கா? காலியான மைக்குக்குப் பக்கத்தில் நின்றா?

அவள் வாய் திறக்குமுன் ஷிசுனோ பேசினார்.

"இவ இல்லாம நான் சாக மாட்டேன்."

"குராமோச்சி சான், அதுக்கில்ல..."

"செத்தா இவ மடியிலதான். இன்னொரு தடவை பண்ணலாம், பன்னோ சான். இதான் கடைசி. சத்தியமா."

பன்னோ இரண்டு கையையும் தூக்கிவிட்டு உட்கார்ந்தார்.

ஷிசுனோ வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இயோரியின் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தப் பன் இன்னும் இருக்கா?"

இயோரி ஓடிய வேகத்தில் மெத்தை நழுவி முட்டிக்கு இறங்கியது. கிரீம் பன் வந்தது. ஷிசுனோ அதை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அமைதியாகத் தின்று முடித்தார். இயோரி மனசுக்குள் வெற்றிக்கொடி ஏற்றினாள். கடைசியில் சாப்பிட வைத்துவிட்டாள்! அவர் மானமும் போகவில்லை, வயிறும் நிறைந்தது.

"யுசுனா... நீ என் பின்னாடி ஓடிவந்த பொண்ணு இல்ல. நான் திரும்பிப் பாக்கிறப்பல்லாம் அங்க இருந்த வெளிச்சம். இனிமே இந்த வானம் உன்னோடது."

மூச்சு நின்றது. அமைதி.

வலப்பக்கம் எந்தக் கதவும் திறக்கவில்லை.

அந்த அமைதியில் இயோரிக்கு எல்லாம் ஒரேயடியாக உறைத்தது. அடுத்த வாரம் இந்தப் பக்கம் யாரும் நிற்கப்போவதில்லை. மூன்று மூச்சு விட வேண்டும் என்பது நினைவிருந்தது. இரண்டுதான் வந்தது. மூன்றாவது அழுகையாக வந்துவிட்டது.

"அக்கா..." என்றாள். உரக்கக்கூட இல்லை. "போகாதீங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பன்னோ பொத்தானை அமுக்கினார். "முடிஞ்சது. ரொம்பச் சிரமப்பட்டீங்க, எல்லாரும்."

பூங்கொத்து வந்தது. இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஷிசுனோ பூக்களுக்கு மேலாக இயோரியைப் பார்த்து, மிச்சம் இருந்த பாதிப் பன்னை அவள் கையில் வைத்தார்.

"நல்லா அழுதே."

"குராமோச்சி சான், நான்... ஆறு வயசுலேர்ந்து..." நாக்கு மறுபடி ஒட்டிக்கொண்டது. "குடை... விளக்கு..."

"புரியுது" என்றார் ஷிசுனோ, அதில் எதுவும் புரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்றாலும். "நல்லாச் சாப்பிடும்மா." படியேறிப் போனார்.

இயோரி மெத்தையை அவிழ்த்துக் கொடுக்க உள்ளே திரும்பினாள். தொரிகோயே மைக் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இயோரியின் மனசு நிறைந்திருந்தது. கெட்ட பேர் தன்னோடு போகட்டும். ஷிசுனோவின் பேரில் ஒரு கறை படவிடாமல் காப்பாற்றியாகிவிட்டது.

"தொரிகோயே சான், இன்னிக்கு என் வயித்தால உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு. மன்னிச்சிடுங்க" என்று ஆழமாகக் குனிந்தாள்.

"முதல்ல இந்தக் குனியிறத நிறுத்துங்க" என்றாள் தொரிகோயே, வயரிலிருந்து கண்ணை எடுக்காமல். "யாரு மைக்ல சத்தம் வந்துதுன்னு எங்களுக்குத் தெரியாதா? அத அழிக்க எனக்கு ஒரே நிமிஷம் போதும். அவங்க செத்தது முதல் தடவையே ஓகே ஆயிடுச்சு. நீங்க குனியிறப்பல்லாம் பின்னாடி நின்னு, 'இவகூட இன்னும் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு'ன்னு விரலத் தூக்கிக் கெஞ்சினது குராமோச்சி சான்தான்."