ஊதிக் கொடுத்த மாவு

நடக்க முடியாதவர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தார்கள். கைத்தடி ஊன்றிக்கொண்டு, மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பழைய மரக்கிடங்கின் வாசலில் விடிவதற்குள் வரிசை கட்டி நின்றார்கள். உள்ளே இருந்தவர் ஊதுசாமி. தட்டில் இருக்கும் பழுப்புப் பொடியில் ஒரு சிட்டிகை எடுப்பார், கண்ணை மூடுவார், எதையோ முணுமுணுப்பார், 'ஃபூ' என்று ஊதுவார். முட்டிவலி பறந்துவிடும். கூடவே மடியில் இருந்த பணமும் பறக்கும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பொடியை வெறும் வயிற்றில்தான் விழுங்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு விழுங்கினால் சக்தி இறங்காதாம்! "வலி ஜாஸ்தியா இருந்தா இன்னொரு சிட்டிகை போட்டுக்கோங்க. ஆஸ்பத்திரி மருந்தை எல்லாம் தூக்கி எறிங்க" என்பார் சாமி. எறிந்தார்கள். படித்தவர்கள் இன்னும் கொஞ்சம் தூரமாக எறிந்தார்கள்.

எனக்கு எரிச்சல் எதில் என்றால், வலி உண்மையிலேயே குறைந்தது. அதனால்தான் யார் சொல்லியும் எடுபடவில்லை.

எங்கள் தெருத் தையல்காரம்மாவைப் பாருங்கள். வருஷக்கணக்காகத் தையல் மெஷினை மிதித்து முட்டி இரண்டும் வீங்கிப்போனவர். பிரஷரும் உண்டு. பொடி தின்ற அன்றே மாடிப்படி ஏறினார். அன்றிலிருந்து சட்டை தைக்கக் கொடுப்பவர்களுக்கெல்லாம் அளவு எடுப்பதற்கு முன்னால் சாமி புகழ்தான். அவருடைய தங்கை ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள், வாய் சும்மா இருக்காது.

"அக்கா, காலு வீங்குது, மூஞ்சி உப்புது. வயிறு எரியுதுன்னு வேற சொல்ற. எனக்கு இது சரியாப் படல."

"வியாதி எரிஞ்சு வெளிய போகுதுடி. சாமியே சொன்னாரு."

வெளியே போனது வியாதி அல்ல, ரத்தம். தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சீருடை மேலேயே கறுப்பாக வாந்தி எடுத்துச் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா கேட்டார்: "வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர். ஒரு மாத்திரைகூடத் தொடல. சாமி பொடி மட்டும்தான். அது மருந்து இல்லையே!" என்றார் அக்கா.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மிச்சம் இருந்த பொடியை வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார். தங்கையை வெளியே அழைத்து, "வலி மாத்திரையை அரைச்சுக் கலந்திருப்பாங்கன்னு சந்தேகப்படுறேன். வயித்துல புண்ணு, கிட்னியும் அடி வாங்கியிருக்கு. திரும்பவும் அதைத் தின்னா காப்பாத்துறது கஷ்டம்" என்றார்.

கட்டிலில் கிடந்த அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "ரிசல்ட்டு கிசல்ட்டெல்லாம் எனக்கு வேணாம். அவர் ஊதினாரு, வலி போச்சு. வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் போவேன்."

தங்கைக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. "ஊதினதுதானே வேலை செஞ்சுது? சரி, பாத்துடுவோம்."

ஒரு வாரம் கழித்து, அக்காவை வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், கடை மாவைப் பழுப்பாக வறுத்து ஒரு பெரிய டப்பா நிறைய எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

"சாமி, சக்தி உங்க மூச்சுலதானே இருக்கு?"

"அதுல என்னம்மா சந்தேகம்?"

"அப்ப இந்த மாவுல ஊதிக் குடுங்க. இங்க இருக்கிற எல்லாருக்கும் ஆகும்."

சாமி விழித்தார். "பொடி இல்லாம எப்படிம்மா..."

"அப்போ சக்தி பொடியிலயா இருக்கு?"

கூட்டத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஊதுங்க சாமி! டப்பா நிறைய ஊதுங்க!" பக்தர்களே கழுத்தைப் பிடித்தால் சாமி என்ன செய்வார்? ஊதினார். கன்னம் வலிக்க ஊதினார். ஆளுக்கொரு சிட்டிகை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள், நொண்டிக்கொண்டு, முனகிக்கொண்டு, சபித்துக்கொண்டு. சக்கர நாற்காலியில் அக்காவும் வந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கைதான் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

"உங்களுக்கு நம்பிக்கை பத்தல" என்றார் சாமி.

"யோவ், நான் முழுசா நம்பினேன்யா! ராத்திரி பூரா கத்தினேன்யா!" என்று பாய்ந்தார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். பாய்ந்த வேகத்தில் பின்னால் இருந்த திரை அறுந்து விழுந்தது. அங்கே ஒரு மிக்ஸி. பக்கத்தில் முட்டி உயரத்துக்குக் காலி மாத்திரை அட்டைகள்.

மேலாளர் ஓர் அட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "இதையேதான் டாக்டர் எனக்கு எழுதிக் குடுத்தாரு. சைடு எஃபெக்ட் வரும்னு குப்பையில போட்டேனே..."

பரிசோதனையும் அதையே சொன்னதாகத் தங்கை சொன்னாள். சாமி பின்வாசலைத் தேடினார். அங்கே டாக்டரம்மா சொல்லி அனுப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் நின்றிருந்தார்கள்.

அக்கா அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையாடி நான் தின்னேன்? வெறும் வயித்துல, அதுவும் ரெண்டு ரெண்டு சிட்டிகையா?" தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இத்தோடு கூட்டத்துக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "அப்ப பேரைச் சொல்லுங்க சார், கடையிலயே அட்டை அட்டையா வாங்கிக்கலாம்!"

தங்கை திரும்பினாள். "எங்கக்கா ரத்தம் கக்கி இந்த நாற்காலியில உக்காந்திருக்கிறதைப் பார்த்துமா இப்படிக் கேக்குறீங்க? டாக்டரம்மா சொன்னதைச் சொல்றேன், கேளுங்க. மாத்திரை நல்லதுதான். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்குன்னு டாக்டர் சொல்லணும். சாப்பிட்ட பிறகு போடணும். ஒண்ணு போட்டுட்டு அதே மாதிரி இன்னொண்ணைச் சேர்த்துப் போடக் கூடாது. பிரஷரு, கிட்னி, வயித்துப்புண்ணு இருந்தா முதல்லயே வாயைத் திறந்து சொல்லணும். வயிறு எரிஞ்சாலோ, மலம் கறுப்பாப் போனாலோ நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பொடி, லேகியம் எது தின்னாலும் அதையும் மறைக்காம சொல்லணும்."

கேட்டவர்கள் சிலர். மற்றவர்கள் பக்கத்துத் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் 'தடவுசாமி' பற்றி விசாரித்துக்கொண்டே நொண்டிப் போனார்கள். போகட்டும். முட்டி உழைத்துத் தேய்கிறது, அதற்கு வைத்தியம் இருக்கிறது. உழைக்காமலே துருப்பிடிக்கிற மூளைக்கு யார் ஊதினாலும் சரியாகாது, ஐயா. அதைக் கொஞ்சம் நீங்களே பயன்படுத்திப் பாருங்கள், வலிக்காது.