தண்ணீர்ச் சொம்போடு டிவியில் நான் முறைத்தது குறித்து

சிங்காநல்லூர்.
அவிநாசி ரோட்டுப் பெரிய மேம்பாலம் திறந்ததற்கு அடுத்து வந்த மாசி மாதம். தங்கம் பவுன் எண்பதாயிரத்தைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் போன வருசத்துக்கு மறு வருசம். உங்கள் அக்கா வெங்கடம்மாள் போன பிறகு வருகிற மூன்றாவது சிவராத்திரி. தேதியை மட்டும் போட்டால் போதும் என்கிறார் ஜெபராணி அம்மணி. தேதி காலண்டருக்குத்தான் தெரியும், இதெல்லாம் ஊருக்கே தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

தாராபுரத்தில் அமராவதிக் காற்று வாங்கிக்கொண்டு, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சொன்ன பேச்சுக் கேட்க, சௌகரியமாக வாழ்ந்து வரும் மாப்பிள்ளை ரங்கராஜ் அவர்களுக்கு, அக்கா வீட்டுக்காரன் ராமுலு கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், இடது கண் பாதி நலம். அங்கே தங்கச்சியும் மாடுகளும் நலமா என்று கேட்டதாகச் சொல்லவும். நீங்கள் நலமா என்று கேட்கவில்லை. வாரக் கணக்காக என் போனை எடுக்காமல் இருக்கிறீர்கள், உடம்பு சரியில்லாதவன் முதல் மணியிலேயே எடுத்துவிடுவான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் எதிர்வீட்டு ஜெபராணி அம்மணி, டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். என் பேச்சை இஸ்திரி போட்டுப் புத்தகத் தமிழாக்கிவிடுகிறார். ஒரு இடத்தில் நான் சொன்ன வார்த்தையை எழுதமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று பேனாவை மூடிவிட்டார். அந்த இடத்தில் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன், நீங்களே நிரப்பிக்கொள்ளவும். கடிதம் தாராபுரம் பஸ் கண்டக்டர் கையில் வரும். படித்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட வேண்டும், ஏனென்றால் வியாழக்கிழமை ரயிலுக்கு நம் பின்வீட்டில் குடியிருக்கிற ரிஃபத் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புகிறான், அவன் போவதற்குள் நீங்கள் வந்து எனக்காக ஒரு சாட்சி சொல்லியாக வேண்டும்.

எல்லாம் உங்களால் வந்ததுதான். கார்த்திகையில் நீங்கள்தானே வந்து, "ஏனுங்க மாமா, விளம்பரம் எடுக்கறவங்க நல்ல மீசையா ஒண்ணு தேடறாங்க, உங்களுது சும்மாதான இருக்குது" என்றீர்கள். என்ன விளம்பரம் என்று கேட்டதற்கு, இரும்புக் கேட் விளம்பரமாக இருக்கும் என்றீர்கள். நீங்களும் அன்றைக்குக் கூடவே இருந்தீர்கள். ஆனாலும் மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். தொப்பி போட்ட டைரக்டர் என்னிடம் என்ன சொன்னார்? "ஐயா, நீங்க வீட்டுக்குள்ளிருந்து சொம்போட வர்றீங்க. வெளியே ஒரு வெளியூர்ப் பையன் பேக் மாட்டிட்டு நிக்கறான். கேட்டு மேல கைய வெச்சுட்டு யோசிக்கறீங்க. அவ்வளவுதான்" என்றார். "என்னத்த யோசிக்கறதுங்க?" என்றேன். "சும்மா யோசிங்க, மீதியப் பாக்கறவங்க யோசிச்சுக்குவாங்க" என்றார். வெளியூர்ப் பையனாக நடிக்க, பின்னால் நான் வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீட்டு ஒடிசாக்காரர் தலையைச் சீவிக்கொண்டு தயாராக வந்து நின்றார். டைரக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவர் நம்ம ஆளு மாதிரியே இருக்கிறார், செட் ஆகாது என்று அனுப்பிவிட்டார். பிறகு பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து சைமன் என்று ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். அப்பா லேத் பட்டறை, அம்மா நர்சு. தலைமுடிக்குச் செம்புக் கலர் அடித்து, மூஞ்சியில் மாவு பூசி, வாயில் பாக்கை அடைத்து வடநாட்டான் ஆக்கினார்கள். பாக்கைத் துப்பிவிட்டு அவன் என்னிடம் முதலில் கேட்டது, "தாத்தா, சாப்புட்டீங்களா?"

நம் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தார்கள். பையன் பேக்கோடு வந்து நின்றான். நான் போய்க் கேட்டைத் திறந்து சொம்பை நீட்டினேன். அவனும் அண்ணாந்து குடித்தான். டைரக்டர் ஓடி வந்து, "ஐயா, திறக்காதீங்க" என்றார். "தொறக்காம எப்படிங்க தண்ணி குடுக்கறது, கேட்டு மேல ஊத்தறதுங்களா?" என்றேன். "குடுக்கவே வேண்டாங்க, யோசிங்க போதும்" என்றார். மாப்பிள்ளை, நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாசலுக்கு வந்தவனுக்கு முதலில் தண்ணீர், அப்புறம் பேர், அப்புறம் ஊர், அதற்கப்புறம்தான் என்ன விசயமாக வந்தீர்கள் என்பது. வரிசையை மாற்றிக் கேட்கிற இடம் போலீஸ் ஸ்டேசன். கை பழகிப் போனது, நான் என்ன செய்ய? மறுபடி எடுத்தார்கள், மறுபடி கொடுத்தேன். சைமன் நல்ல வளர்ப்பு, கொடுத்ததையெல்லாம் குடித்தான். வெயில் மதில் மேலிருந்து கீழே இறங்கும்வரை குடித்தான். கடைசியில் நான் சொம்பைத் தூக்கும்போதே கையை நீட்டி மறித்து, "தாத்தா, போதுமுங்க, இன்னொரு வாய் குடிச்சா இங்கயே கால்வாய் வெட்டோணும்" என்றான். வாசலுக்கு வந்தவன் தண்ணீரை வேண்டாம் என்று கை காட்டினால் எந்த மூஞ்சிதான் நேராக நிற்கும்? எனக்குச் சுருக்கென்றது. புருவம் ஏறிவிட்டது, மீசை இறங்கிவிட்டது. "சூப்பர் ஐயா, இதத்தான் கேட்டேன்" என்று டைரக்டர் கை தட்டினார். நீங்கள் அப்போது குடைக்கடியில் சேர் போட்டுக் கம்பெனி பஜ்ஜியைத் தின்றுகொண்டு, "மாமா, நல்லா மொறைச்சீங்க" என்றீர்கள். அதற்கப்புறம் பையனைப் பின்னாடி பாத்ரூமுக்கு ஓட்டமும் நடையுமாகக் கூட்டிக்கொண்டு போனதும் நீங்கள்தான். ஆகவே அது எதற்கு வந்த முறைப்பு என்று கண்ணால் கண்ட சாட்சி நீங்கள் ஒருவர்.

டிவியில் எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? சீரியலில் மாமியார் கை ஓங்கிய இடத்தில் நிறுத்திவிட்டு இதைப் போடுகிறார்கள். இழவு வீட்டு மியூசிக். பஸ் கிளப்பிய புழுதி. சைமனுடைய செருப்பு மட்டும் நடந்து வருகிறது. நம் கேட். என் கை. என் மூஞ்சி. அந்த முறைப்பிலேயே படம் நின்றுவிடுகிறது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல்: "நம்ம ஊரு. நம்ம வாசல். யாருக்குத் திறக்கணும்? முடிவு உங்க கையில." அவ்வளவுதான். கேட் பேரும் இல்லை, கட்சிப் பேரும் இல்லை. கீழே எறும்பு ஓடுகிற மாதிரி ஒரு வரி ஓடியது. எனக்குத்தான் படிக்கத் தெரியாது, படித்தவர்களுக்கும் பிடிபடவில்லை. ஜெபராணி அம்மணி செல்போனில் நிறுத்தி நிறுத்திப் படித்தார்: "பொதுநலன் கருதி வெளியிடப்பட்டது." யார் கருதியது என்று அதில் இல்லையாம்.

மறுநாள் காலையில் ஒரு கட்சி ஆட்கள் வெள்ளைக் காரில் வந்து எனக்குச் சால்வை போர்த்தினார்கள். "மண்ணோட மூத்த குடி, காவல் தெய்வம் மாதிரி நின்னு ஒருத்தனையும் உள்ள விடாம மொறைச்சீங்க பாருங்க, அதுதானுங்க வேணும்" என்றார் அவர்களில் பெரியவர். "நாங்களே அந்தக் காலத்துல வடக்க இருந்து வந்தவங்கதானுங்க, இன்னமும் ஊட்டுல தெலுங்குதானுங்க" என்றேன். அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, "எங்கூட்டுலயும் அதேதானுங்க, அத எலக்சன் முடிஞ்சு பேசிக்கலாம்" என்றார். மத்தியானம் அடுத்த கட்சியிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தார், அவரும் சால்வையோடுதான். "தண்ணி குடுக்கப் போறீங்க, அந்தக் கருணை கண்ணுலயே தெரியுதுங்க ஐயா" என்றார். "கருணை இல்லீங்க, அது அவமானமுங்க" என்றேன். "அவமானம், எவ்வளவு ஆழமான வார்த்தை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். சாயங்காலம் மூன்றாவது கூட்டம் ஒன்று என்னைக் கண்டித்துக் கோசம் போட வந்தது. வெயிலில் தொண்டை வறண்டு நின்றார்கள், தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்கள், வாயைத் துடைத்தார்கள், விட்ட இடத்திலிருந்து கோசத்தைத் தொடர்ந்தார்கள். டிவியில் நாலு பேர் உட்கார்ந்து என் இடது புருவத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடினார்கள். ஒருவர் அது பயம் என்றார், ஒருவர் திமிர் என்றார், கோட்டுப் போட்ட ஒருவர் அது பொருளாதாரம் என்றார். புருவத்துக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கிறானே, அவனுக்கு ஒரு போன் போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் வெறுத்துப்போய் முன் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். சால்வையில் ஒன்றைத் தண்ணீர் மோட்டாருக்குப் போர்த்தியிருக்கிறேன், இன்னொன்று கன்றுக்குட்டிக்கு. எந்தக் கட்சியுடையது எதற்குப் போனது என்று இப்போது எனக்கே தெரியாது, அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

இதெல்லாம் போகட்டும். எனக்கு வலிப்பது ரிஃபத் விசயம். பின்னால் லைன் வீட்டில் ஒன்பது வருசமாகக் குடியிருக்கிற வங்காளத்துப் பையன், இரும்பு வார்க்கிற பவுண்டரியில் மோல்டிங் வேலை. வந்த புதிதில் தமிழில் "தண்ணி", "சம்பளம்" இரண்டு வார்த்தைதான் தெரியும். இப்போது கறிக்கடையில் எலும்பு அதிகமாகப் போட்டால் நம் பேச்சிலேயே சண்டை பிடிக்கிறான். தை மாதம் எனக்குக் கண் ஆப்ரேசன் ஆனதிலிருந்து, "அண்ணாந்து பாருங்க தாத்தா, ஆடாதீங்க" என்று காலையும் மாலையும் சொட்டு மருந்து விட்டவன் அவன்தான். விளம்பரம் வந்த அன்றையிலிருந்து ஆள் வரவில்லை. நானே விட்டுப் பார்த்தேன், மருந்தெல்லாம் காதுக்குள் போகிறது. இந்த வேகத்தில் போனால் என் காதுக்கு நல்ல பார்வை வந்துவிடும். நேற்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஜெபராணி அம்மணி வீட்டில் வைக்கிறான். பாய், பாத்திரம், பிள்ளையின் சைக்கிள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. "ஊருக்குங்களா கண்ணு?" என்று கேட்டேன். தலையில் மூட்டை இருந்ததால் என் பக்கம் திரும்பாமலே, "ஆமாங்க தாத்தா, வியாழக்கெழம" என்றான். ஊரே ஒரு பக்கம் வடநாட்டு ஆட்களை ஏற இறங்கப் பார்க்கிற நேரம். ஒன்பது வருசம் பக்கத்தில் இருந்த கிழவனும் டிவியில் ஏறி முறைத்தால் அவன் என்ன நினைப்பான்? அவன் அப்படி நினைத்துக்கொண்டு ரயில் ஏறினால் எனக்கு இந்த வாசலில் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி இறங்காது.

நீங்களே போய்ச் சொல்லக் கூடாதா என்று ஜெபராணி அம்மணி கேட்கிறார். அதெப்படி முடியும் மாப்பிள்ளை? பெண் கேட்டுப் போகிற இடத்தில் நான் யோக்கியன் என்று மாப்பிள்ளைப் பையனே எழுந்து சொல்வானா? கூடப் போகிற பெரியவர் சொல்லுவது. எனக்கு உங்கள் அக்காவைப் பேசப் போன அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை, உங்கள் அப்பா எதைக் கேட்டாலும் என் பக்கத்து ஆட்கள்தான் பதில் சொன்னார்கள். தன்னைத் தானே நல்லவன் என்கிறவனை ஓட்டுக் கேட்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். ஆகவே நீங்கள் வந்து, ரிஃபத்தை உட்கார வைத்து, சைமன் குடித்தது, கை காட்டி மறித்தது, பாத்ரூமுக்கு ஓடியது எல்லாவற்றையும் விடாமல் சொல்ல வேண்டும். பஜ்ஜி தின்றதை வேண்டுமானால் விட்டுவிடலாம்.

தங்கச்சிக்கு என் அன்பு. பேரன் பேத்திகளுக்கு ஆசீர்வாதம், அவர்கள் மீசை கேட்டு வருகிறவர்களுக்குத் தாத்தாவின் விலாசத்தைக் கொடுக்காத பிள்ளைகளாக வளரட்டும். கரும்பு நல்ல விலைக்குப் போகட்டும். மற்றவை நேரில்.

இப்படிக்கு,
உங்கள் மாமா ராமுலு
(ரேகை)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, கண்டக்டருக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஜெபராணி அம்மணி இதை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டினார். டீச்சர் குரல். மதிலுக்கு அந்தப் பக்கம் சாமான் கட்டிக்கொண்டிருந்த ரிஃபத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சந்து வழியாகச் சுற்றி வந்து பூட்டின கேட்டுக்கு வெளியே நின்றான். "ஏனுங்க தாத்தா, இதுக்கா லெட்டரு? அந்தப் பையன் தண்ணி வேண்டாம்னுட்டான்னு எனக்கு மொத நாளே தெரியுமுங்க. நான் வந்த அன்னைக்கு வேண்டாம்னதுக்கும் இதே மூஞ்சியத்தான வெச்சீங்க" என்றான். பிறகு ஏன் மருந்து விட வரவில்லை என்றேன். இந்த மாதம் அவனுக்குச் சாயங்கால ஷிப்டாம், நடுராத்திரி வந்து காலையில் தூங்கிவிடுகிறானாம், அவனுக்குப் பதிலாகப் பெண்டாட்டி இரண்டு தடவை மருந்தோடு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். சாமானை ஏன் காலி பண்ணுகிறாய் என்றேன். "நீங்கதானுங்க சொன்னீங்க, தங்கச்சி கல்யாணத்துக்கு நான் ஊருக்குப் போறப்ப கூரை சீட்டை மாத்திப்போடறேன்னு" என்றான். சொல்லியிருக்கிறேன். பங்குனியில் திரும்பி வருகிறான். பூட்டைத் திறந்துவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டு மருந்தும் விட்டுவிட்டுத்தான் போனான். ஆகவே சாட்சி சொல்ல நீங்கள் வரத் தேவையில்லை. சும்மா வாருங்கள். என் மூஞ்சிக்கு அர்த்தம் தெரிந்த பழைய ஆட்கள் யார் மிச்சம் என்று இப்போது உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். டிரங்குப் பெட்டியோடு இந்த ஊரில் வந்து இறங்கினபோது எனக்குத் தங்க இடம் கொடுத்த அப்துல் வஹீது பாய் போன ஆடியில் போய்விட்டார். மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருத்தராகப் போய்விட்டார்கள். உங்கள் அக்காவும் போய்விட்டாள். எப்படி எண்ணினாலும் இன்னும் உயிரோடு இருப்பது தாராபுரத்தில் போனை எடுக்காத ரங்கராஜ் ஒருவர்தான்.