பழுதில்லாத டிஃபரென்ஷலைக் கழற்றிய கதை

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். லண்டனில் நான் எழுதிய மிக நீளமான விஷயம் கவுன்சில் படிவத்தில் என் விலாசம். (அதையும் இரண்டு தரம் வெட்டி எழுதினேன்.) ஆனால் இந்தக் கதையை மற்றவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். பிழை விட்டவனே ஒருமுறை சொன்னால் என்ன என்று தோன்றியது.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக ஞாபகமில்லை. அப்டன் பார்க்கில் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு கராஜில் வேலை. மனோர் பார்க்கில் ஒரு மேலறையில் குடியிருப்பு. கீழே போலந்துக் குடும்பம். நல்ல சனம். மூன்று வருடமாக நாங்கள் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். எனக்குப் பேச்சு வராது. வாகனத்துக்குக் கீழே படுத்துக்கொண்டால் யாரும் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதனாலேயே அந்தத் தொழில் பிடித்திருந்தது.

முதலாளி பாரிஸுக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்த கிழமை, ராசன் அண்ணை தன் வான் வண்டியோடு வந்தார். சுவிஸில் பல வருடம் இருந்துவிட்டு, குடும்பத்தையும் அதே வானையும் கூட்டிக்கொண்டு லண்டன் வந்தவர்.

"தம்பி, பின்னுக்கு ஊ எண்டு ஒரு இரைச்சல். சனிக்கிழமை மகளின்ர அரங்கேற்றம். நடராசர், மிருதங்கம், உடுப்புப் பெட்டி எல்லாம் இதிலதான் போகவேணும். ஏலுமோ?"

"ஓம்" என்றேன். (அன்றைக்கு நான் பேசிய முதல் சொல். மணி பதினொன்று.)

ஓட்டிப் பார்த்தேன். அவர் பக்கத்தில் இருந்தார். வேகம் கூட இரைச்சலும் கூடியது. இந்த வகை வான்களில் பின் சில்லுகளுக்கு நடுவே ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதுதான் டிஃபரென்ஷல். எஞ்சினின் இழுவையை இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுப்பது அதற்குள் இருக்கும் பற்சக்கரங்கள். பல் தேய்ந்தால் இப்படித்தான் இரையும். வேறு காரணத்தாலும் இரையலாம். பிரித்தறிய எளிய வழி உண்டு. வேகமாகப் போகும்போது அக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்கவேண்டும். சத்தம் மாறினால் பல்லில் பிழை. மாறாவிட்டால் வேறிடத்தில் தேடவேண்டும். நாலைந்து நொடி காது கொடுத்தால் போதும்.

காலை எடுத்தேன். அந்த நொடியில் ராசன் அண்ணை சட்டைப் பையிலிருந்து உறையில் போட்ட ஒரு அழைப்புக் கார்டை எடுத்து நீட்டினார்.

"மறந்து போனன். கட்டாயம் வரவேணும். சாப்பிட்டுத்தான் போகவேணும், சொல்லிப்போட்டன்."

உறையில் என் பெயர் இருந்தது. பாலன், அழகான கையெழுத்தில். அதுவரை லண்டனில் என் பெயருக்குக் கடிதம் போட்டது வங்கி மட்டும்தான். சத்தம் மாறியதா, இல்லையா? இன்றைக்கும் தெரியாது.

"என்ன தம்பி, என்னவாம்?"

கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம். "டிஃபரென்ஷல் பல்லுத் தேய்ஞ்சிட்டுது அண்ணை" என்றேன், மருந்து எழுதும் டொக்டர் மாதிரி. அடுத்த நாளும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றேன். ஓட்டினோம். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது அவருடைய கதை. அவர் சுவிஸ் பனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அதைத்தான் கேட்டேன், வானை அல்ல. இறங்கிப் பின் டயர்களையும் பார்த்தேன். தடித்த கட்டைகள், தேய்வே இல்லை. டயரில் பிழையில்லை என்று அந்தச் சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு பல்லும் காலையில் விளக்கியதுபோல மின்னியது. எண்ணெயில் ஒரு இரும்புத்தூள் இல்லை. புத்தியுள்ளவன் அங்கேயே மூடியிருப்பான். நானோ தேய்ந்துவிட்டது என்று வாயால் சொன்னவன். டோர்ச் அடித்து இரண்டு மணி நேரம் தேய்மானத்தைத் தேடினேன். பிறகு முழுவதையும் கழற்றி, கழுவி, திரும்பப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ராசன் அண்ணையும் மனைவி சாந்தி அக்காவும் வந்து ஏறினார்கள். இரைச்சல் அப்படியே இருந்தது. கூடவே புதிதாக ஒன்று: காலை எடுத்து அழுத்தும்போதெல்லாம் 'டக்'. பற்களின் இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் என்ற மெல்லிய தகட்டை நான் பக்கம் மாற்றிப் போட்டிருந்தேன்.

"தம்பி, இந்த டக் முந்தி இல்லையே" என்றார் அவர்.

பின்னாலிருந்து சாந்தி அக்கா சொன்னார்: "அந்த ஊச் சத்தம் நீங்கள் உந்த டயரைப் போட்ட நாளிலயிருந்துதானே கேக்குது."

"எந்த டயர்?" என்றேன். நான்கு நாளில் நான் கேட்ட முதல் கேள்வி.

"சுவிஸில பனிக்குப் போடுற டயர், தம்பி. வீட்டுக்குப் பின்னால சும்மா கிடந்தது. எறிய மனமில்லாமல் இவர் போன மாசம் பின்னுக்குப் போட்டவர்."

ராசன் அண்ணை வெளியே பார்த்தார். "நல்ல டயரப்பா" என்றார் மெதுவாக.

பனியைக் கவ்வச் செய்த அந்தத் தடித்த ரப்பர் கட்டைகள் வெறும் தார் ரோட்டில் இரையத்தான் செய்யும். இது தெரியாத மெக்கானிக் இல்லை. எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை வான் கராஜிலேயே நின்றது. நடராசர் மினிகாப் டாக்ஸியில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு போனார். நான் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். மண்டப வாசலிலேயே ராசன் அண்ணை என் கையைப் பிடித்து நாலு பேருக்கு முன்னால் நிறுத்தினார்.

"இவர்தான் பாலன். காலில வருத்தம் எண்டு போனா வயித்தை வெட்டிப் பாக்கிற டொக்டர்."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

"சும்மா இருங்கோப்பா. தம்பி, நீங்கள் இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார் சாந்தி அக்கா.

கடைசி வரிசையில் இருந்து ஆட்டம் முழுவதையும் பார்த்தேன். பிள்ளை நன்றாக ஆடினாள். சாப்பாட்டு மேசைகளை விரிக்கத் தொடங்கியதும், காற்று வாங்கப் போவதுபோல வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

ராசன் அண்ணை வீட்டில் இன்றும் யாருக்காவது தலையிடி என்றால் "முதல்ல டயரைப் பாருங்கோ" என்கிறார்களாம். கராஜுக்குப் பக்கத்துக் கடைத்தெருவான கிரீன் ஸ்ட்ரீட்டில் எனக்குத் தெரியாதவர்கள்கூட "டொக்டர், சுகமோ?" என்று கேட்கிறார்கள். தலையாட்டுகிறேன்.

அரங்கேற்றத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தனியே கராஜைத் திறந்து ஷிம்மைச் சரியான பக்கத்தில் போட்டேன். நாலு மணியளவில் டக் நின்றது. கையைக் கழுவி, கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.