ஸ்பீக்கர் பார்க்கப் போய்க் கடைத்தெருவைப் பூட்டினேன்

எனக்கு ஸ்பீக்கரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை ஒப்புக்கொள்ளாமல், எல்லாம் தெரிந்தவள் மாதிரி காத்தான்குடிக் கடையில் போய் நின்றேன் பாருங்கள், அதுதான் பிழை.

போன வருடம் அண்ணா காய்ச்சலில் போய்விட்டான். நாங்கள் இருவரும் துப்பாக்கி சுடுகிற கேம் விளையாடும்போது அவன் எடுத்த வீடியோக்கள் கொம்பியூட்டரில் இருந்தன. நடுநடுவே பாட்டும் படிப்பான் (காகம் எழும்பிப் பறக்கும்). வீட்டு ஸ்பீக்கரிலோ வெறும் கரகரப்பு. எனக்கு அவன் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வீடியோவைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு எங்கள் பெரியகல்லாற்றில் பஸ் ஏறினேன்.

"கேமுக்கா, பாட்டுக்கா தங்கச்சி?" என்றார் கடைக்கார நானா (அங்கே அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்).

"ரெண்டுக்கும் நானா. ஆகப் பெரிசா இரிக்கிறதப் போடுங்க."

(குரல் கேட்கப் போனவள் பெரிசைக் கேட்கிறாள். மூளை!)

வாசலில் தெருவைப் பார்த்து நின்றன இடுப்பளவுப் பெட்டிகள் இரண்டு. பென்டிரைவைக் கொழுவினார்.

"சத்தத்த இன்னும் கூட்டுங்க நானா."

கூட்டினார். படபடவென்று வெடி! அண்ணா குரலைக் காணோம், வெடி மட்டும்தான்.

யுத்தம் கண்ட எங்கள் பக்கத்தில் வெடி கேட்டால் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. முதலில் ஷட்டரை இழுப்பார்கள், பிறகுதான் விசாரணை. எதிரே புடவைக்கடை ஷட்டர் இறங்கியது. அடுத்தது பேக்கரி. பிறகு கடகடவென்று தெரு முழுதும். நானாவும் பழக்கத்தில் தன் ஷட்டரை இழுத்துவிட்டு மேசைக்குக் கீழே போய்விட்டார். சுடுவது தன்னுடைய பெட்டிதான் என்பதே மனிசனுக்கு மறந்துவிட்டது! எந்தப் பொத்தான் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அமத்திப் பார்த்து, கடைசியில் வயரைப் பிடுங்கினேன்.

வெளியே ஒரு குரல்: "நானா, எங்க வெடி?"

மேசைக்குக் கீழிருந்து பதில்: "இஞ்சதான். ஒரு புள்ள ஸ்பீக்கர் பாக்குது."

தெரு ஏசியது, பிறகு சிரித்தது. நானா தூசியைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

"உண்மையச் சொல்லு தங்கச்சி, எதக் கேக்க வந்தாய்?"

"அண்ணாட குரல. அவன் இப்ப இல்ல நானா."

அவர் கைக்குள் அடங்கும் இரண்டு சின்னப் பெட்டிகளைக் கொழுவினார். வெடி சிறுத்தது.

"அடியேய் மாடு, பின்னால பாருடி!"

அண்ணா பக்கத்தில் நின்று ஏசுகிற மாதிரியே இருந்தது. நான் அழுதேன். நானா துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தார்.

அந்தச் சின்னப் பெட்டிகளோடு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா, அண்ணா போனபிறகு முதல்முறையாக. இன்றைக்கும் நான் காத்தான்குடிக்கு வெளிக்கிட்டால், "முதல்ல சொல்லி அனுப்பு புள்ள, அவங்க கடையப் பூட்டட்டும்" என்பா.

பின்னேரங்களில் அவவே வந்து பக்கத்தில் இருப்பா.

"அவன்ட பாட்டப் போடு புள்ள. கொஞ்சம் கூட்டு."