தொடாமணியும் ஒரு பூசணிக்காயும்

ஒரகடம் பக்கம் அந்த மாசி முழுக்க பஸ்கள் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடின. காரணம், தொடாமணிச் சாமியார். பேய் பிடித்தவர் எதிரே போய் நின்றால், பீடத்துக்குள் இருக்கும் மணி தானே அடிக்கும். கயிறில்லை, கை படுவதில்லை. எண்பத்து மூன்றாம் வருஷம். நாடு ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தது. பேய் மட்டும் பழைய முறையிலேயே இருக்குமா?

பேய் ஏறிய பொன் வீட்டுக்கு ஆகாதாம். அதனால் மணி அடித்தவுடன் நகையைக் கழற்றிச் சாமியாரிடம் விட்டுவிட வேண்டும். பேயைச் சமாளிக்கும் தைரியம் அவருக்கு மட்டும்தானே உண்டு!

ஒரு நாள் கிளியம்மாள் தன் மருமகள் சந்திரம்மாளை இழுத்து வந்தாள். அவள் இரண்டு தரம் மயங்கி விழுந்திருந்தாள். மணி அடித்தால் சங்கிலியும் போகும், அவளும் பிறந்த வீட்டுக்குப் போவாள்.

பக்கத்து வீட்டு கிளாராவும் கூட வந்தாள். அம்பத்தூரில் எண்ணெய் டின் நிரப்பும் கம்பெனியில் வேலை. வந்ததிலிருந்து அவள் பார்த்தது சாமியாரை அல்ல, தரையை. பீடத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் கோடு. கழுத்தில் கருகமணி மட்டும் போட்டிருந்தவர்களைக் கோட்டிலேயே நிறுத்தி, "சுத்தம், போம்மா" என்றார் சாமியார். சங்கிலி மின்னினால் மட்டும், "கோட்டைத் தாண்டி கிட்ட வா." உடனே டணடண!

சந்திரம்மாள் தாண்டினாள். டணடண.

"பாத்தியா? நான் அப்பவே சொல்லல?" என்றாள் கிளியம்மாள்.

"இரு அத்தை" என்று சந்திரம்மாளைக் கோட்டுக்கு வெளியே இழுத்தாள் கிளாரா. "சங்கிலியக் கழட்டாத."

காணிக்கைக் குவியலிலிருந்து ஒரு பூசணிக்காயை எடுத்துக் கோட்டில் வைத்தாள் கிளாரா. மணி பேசவில்லை. மூங்கில் கழியால் உள்ளே உருட்டினாள்.

டணடண!

"ஐயோ, இதுக்கும் பேய் புட்ச்சிக்கிச்சே! பூசணிக்காய்க்கு எந்த ஊரு பொறந்த வூடு?" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாமியார், "ஏய்! தெய்வக் குத்தம்!" என்றார்.

கிளாரா பூசணிக்காயைக் கழியால் வெளியே தள்ளிவிட்டு, அதே கழியால் பீடத்துப் பட்டுத் துணியை விலக்கினாள். ஒரு செப்புத் தகடு, வயர் சுற்றிய சின்னப் பெட்டி, கார் பேட்டரி, மின்சார மணி.

"எங்க கம்பெனியிலயும் இந்த மாதிரி தகடு கீது அத்தை. டின்னு நெறைஞ்சதும் மெஷினை நிறுத்தும், எண்ணெயத் தொடாமலே. தகட்டுல கொஞ்சம் கரண்ட்டு தேங்கி நிக்கும். எண்ணெயோ உடம்போ, பூசணிக்கா மாதிரி ஈரமோ கிட்ட வந்தா அது இன்னும் அதிகமாத் தேங்கும். எவ்ளோ கிட்டயோ அவ்ளோ அதிகம். ஒரு அளவு தாண்டினா அந்தப் பொட்டி மணிய அடிக்கும். காந்தம் வெச்சா இரும்பு மட்டும்தான் ஆப்புடும். லைட்டு வெச்சா இந்தச் சாம்பிராணிப் புகையே அத ஏமாத்திடும். அதான் சாமி தகட்டப் பாத்துப் பொறுக்கிக்கினாரு. படிச்ச சாமி!"

கிளியம்மாள் நேரே போய்ச் சாமியாரின் கையைப் பிடித்துக் கோட்டுக்குள் இழுத்தாள்.

டணடண!

"உனக்கும் புட்ச்சிகீது. பேய் ஏறின பொன்னு ஆவாது. மோதிரத்தக் கழட்டு!"

சந்திரம்மாள் சங்கிலியோடு வீட்டுக்குப் போனாள், மறுநாள் ஆஸ்பத்திரிக்கு. அவளுக்குப் பிடித்திருந்தது ரத்தசோகை.

கிட்டே வந்தது பூசணிக்காயா, மனுஷியா என்று தகட்டுக்குத் தெரியாது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு மூளை இல்லை. ஒரு மாதம் வரிசையில் நின்ற நாம் என்ன சொல்லித் தப்பிப்பது?